எட்டாவது மடிப்பு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி. பழியை மாடிப்படி மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறாள். உன் கண் எரிச்சல் குறைந்ததா?

நூலகத்தில் இருப்புச் சரிபார்ப்பு நடக்கிறது. நீ இங்கே வேலை பார்த்தபோது இருந்த அதே முறைதான். ஒருவர் பதிவேட்டைப் பார்த்து எண் வாசிப்பார், இன்னொருவர் தட்டில் தேடுவார். வாசிப்பவர் தலைமை நூலகர். நீ அவருக்கு வைத்த 'உஷ்' என்ற பெயர் இன்னும் நிலைத்திருக்கிறது. அது அவருக்கும் தெரிந்துவிட்டது. கோபத்தைக் காட்டுவதற்கும் அவர் 'உஷ்' என்றே சொல்வதால் யாருக்கும் உறைப்பதில்லை.

நேற்று ஒரு புத்தகம் கிடைத்தது. பதிவேட்டில் ஒன்பது வருஷமாகச் சிவப்பு மையில் 'காணவில்லை' என்று எழுதியிருந்த பிரெஞ்சுக் கவிதைத் தொகுப்பு. ஒல்லியானது. சாம்பல் நிற அட்டை. அதில் யாரோ கோப்பை வைத்த வட்டக் கறை. கிடைத்த இடத்தைச் சொன்னால் சிரிப்பாய். நேரில் சொல்கிறேன்.

அந்தக் காலத்து அச்சு. தாளை மடித்துத் தைத்து, ஓரத்தை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். வாங்குகிறவர் கத்தியால் மடிப்பைப் பிரித்தால்தான் உள்ளே இருப்பதைப் படிக்கலாம். மொத்தம் எட்டு மடிப்பு, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கவிதை. முதல் மூன்றை யாரோ பிரித்திருக்கிறார்கள். மூன்றாவதோடு நிறுத்தியிருக்கிறார்கள். பாதியில் நிறுத்துகிறவர்களை எனக்குப் புரிவதே இல்லை.

நான்காவதை நான் பிரித்தேன். கல்லூரியில் படித்த பிரெஞ்சு இதற்காவது உதவட்டும். கவிதை ஏறக்குறைய இப்படி:

நீல மேலங்கி அணிந்த ஒருத்தி வட்டக் கண்ணாடிகளை எண்ணுகிறாள். ஒன்று குறைகிறது. இயந்திரத்துக்கு அடியில் கையை விடுகிறாள். கைக்குள் வந்தது கண்ணாடி இல்லை. ஒரு குழந்தையின் பல்.

உன் லென்ஸ் பட்டறை நினைவுக்கு வந்தது. அதனால்தான் எழுதுகிறேன். புத்தகத்தை அதற்குரிய தட்டில் வைத்துப் பதிவேட்டில் பச்சை மையில் 'கிடைத்தது' என்று எழுதினேன். அன்று முழுக்க மனசுக்கு நிறைவாக இருந்தது.

"அவ எப்ப வருவா?" என்று அம்மா கேட்கச் சொன்னாள். ஒன்பது வருஷமாக ஒரே கேள்வி.

மற்றவை நேரில்.

உன் தம்பி

மார்ச் 5

அன்புள்ள தம்பி,

இங்கே நான் சௌக்கியம். நீயும் அம்மாவும் அப்படியே இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவை இரண்டு இரண்டு படியாக ஏறவிடாதே. கேட்கமாட்டாள், இருந்தாலும் சொல்.

கண் எரிச்சல் போய்விட்டது. பட்டறையில் தூசி உறிஞ்சும் குழாயை மாற்றியிருக்கிறார்கள். எண்பது எண்பது லென்ஸாகத் தேய்த்து, எண்ணி, பெட்டியில் அடுக்க வேண்டும். நேற்று எண்பதுக்கு எழுபத்தொன்பதுதான் இருந்தது. மூன்று முறை எண்ணினேன். மேஸ்திரி வந்து, "கண்ணாடிக் கடைக்காரிக்கே கண்ணு தெரியலையா?" என்று கிண்டல் செய்துவிட்டுப் போனார்.

தேய்க்கும் மிஷினுக்கு அடியில் கையை விட்டேன். லென்ஸ் இல்லை. ஒரு பால்பல் கிடைத்தது, வேர் இல்லாமல், சுத்தமாக. இந்தப் பட்டறைக்குள் குழந்தைகளை விடுவதே இல்லை. மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். எதற்கு என்று தெரியவில்லை.

வேறு விசேஷம் இல்லை. வருவது பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது. வேலை அதிகம்.

மற்றவை அடுத்த கடிதத்தில்.

அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இருவரும் நலம். உன் நலத்தை உடனே எழுது.

உன் கடிதத்தை நின்றபடியே நான்கு முறை படித்தேன். இங்கிருந்து அங்கே கடிதம் போக நான்கு நாள். நான் எழுதியது மார்ச் 4. நீ எழுதியது மார்ச் 5. என் கடிதத்தைப் பார்க்காமலேயே நீ அந்தப் பல்லைப் பற்றி எழுதியிருக்கிறாய்! உன் மேலங்கி என்ன நிறம்? நீலம் என்று சொல்லிவிடாதே, மயங்கி விழுந்துவிடுவேன்.

அம்மாவிடம் சொன்னேன். "யாரோ வேலைக்கு வர்ற பொம்பளை பிள்ளைய இடுப்புல வச்சிட்டு வந்திருப்பா. அதுக்குப் போயி கவிதை கிவிதைன்னு..." என்று அம்மா ஊசியில் நூல் கோர்க்கப் போய்விட்டாள்.

இன்னும் நான்கு மடிப்பு மிச்சம். நீ எப்போது வருகிறாய் என்று அடுத்ததில் எழுதியிருக்குமோ? உன்னைக் கேட்பதற்குப் பதில் அந்தக் கவிஞரைக் கேட்டுவிடுகிறேன். உன்னைவிட அவர் சீக்கிரம் பதில் சொல்வார் போலிருக்கிறது.

மற்றவை நேரில், நீ மனது வைத்தால்.

உன் தம்பி

ஏப்ரல் 20

தம்பி,

நலம்தான். நீயும் அம்மாவும் எப்படி?

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. அந்தப் புத்தகத்தைத் திறக்காதே. கழிவுநீர் வாரிய ஆண்டறிக்கைகளுக்கு நடுவில், எடுத்த இடத்திலேயே வைத்துவிடு. பதிவேட்டில் எழுதியதை அடித்துவிடு.

அம்மா சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா என்று எழுது.

அக்கா

ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், என்னைத் திட்டுகிறாள். நானும் நலம். ஐந்து வாரம் பதில் இல்லாததால் உனக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்தோம்.

புத்தகம் எங்கே கிடைத்தது என்று நான் உனக்கு எழுதவே இல்லை. நேரில் சொல்வதற்காக வைத்திருந்தேன். கழிவுநீர் வாரிய ஆண்டறிக்கைகள், கீழ்த்தட்டு, சுவரோரம். இது நூலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். இப்போது உனக்கும் தெரிகிறது.

அந்த மூன்று மடிப்புகளைப் பிரித்தது நீதானா?

ஒன்பது வருஷமாக நீ இப்படித்தான். அப்பா போன பதினாறாம் நாள் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாய். கல்யாணப் பேச்சில் அப்பாவோடு போட்ட சண்டைதான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சண்டை போட்டவர் போய்விட்டார். எங்கள் மேல் என்ன கோபம்? இதைக் கேட்டால் உடனே வேலை அதிகம். இப்போது ஒரு புத்தகத்தைப் பற்றிக் கேட்டாலும் மூன்று வரி.

எரிச்சலில் ஐந்தாவது மடிப்பைப் பிரித்தேன். கத்திகூட எடுக்கவில்லை, விரலாலேயே. ஓரம் பிசிறாகிவிட்டது. நூலகத்தில் வேலை பார்க்கிறவன் செய்கிற காரியமா இது?

பயப்பட ஒன்றுமில்லை. இதுதான் கவிதை:

ஊசி ஒன்று வீட்டுக்குள் நடக்கிறது. ஒரு கால் தேடி நடக்கிறது. ஏழு நாள். எட்டாம் நாள் அதற்கு ஒரு குதிகால் கிடைத்தது.

அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். "ஊசி தானா நடக்கும்னா எனக்கு எதுக்குடா தையல் மிஷின்?" என்று சிரித்தாள். சிரிக்கும்போது அவளுக்கு உன் முகம். நீ பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

மற்றவை நேரில்.

தம்பி

மே 5

அக்கா,

இந்தத் தடவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அம்மாவுக்கு ஆபத்து ஒன்றும் இல்லை.

நேற்று காலை சமையலறைக்கும் மிஷினுக்கும் நடுவில் காலில் ஊசி ஏறிவிட்டது. வலது குதிகால். பாதிக்கு மேல் உள்ளே போய் முறிந்திருந்தது. டாக்டர் கீறித்தான் எடுத்தார். தையல்காரிக்கே மூன்று தையல்.

"கணக்கு நேராயிடுச்சு டாக்டர். இத்தனை வருஷம் நான் போட்டேன், இன்னைக்கு நீங்க போட்டீங்க" என்றாள் அம்மா. டாக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. உனக்கு அந்தக் கடிதம் எழுதிய நாளிலிருந்து எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று எட்டாம் நாள்.

இன்னொன்று. அம்மா ஊசிகளை எண்ணி வைக்கிறவள், உனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் தகரப் பெட்டியைத் திறந்து எண்ணினாள். ஒன்றுகூடக் குறையவில்லை.

டாக்டர் எடுத்துக் கொடுத்த ஊசி துரு ஏறி, கறுத்து, நம் ஊசிகளைவிட நீளமாக இருக்கிறது. அது யாருடையது?

உனக்குத் தெரிந்ததைச் சொல், அக்கா.

தம்பி

மே 11

அன்புள்ள தம்பி,

அம்மாவின் கால் ஆறிவருகிறதா? காய்ச்சல் வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதே.

சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன் அந்தப் புத்தகம் அன்பளிப்புப் பெட்டி ஒன்றில் வந்தது. பதிந்து, எண் எழுதி, முத்திரை வைத்தது நான்தான். அட்டையில் இருக்கும் வட்டக் கறை என் தேநீர்க் கோப்பை. அகராதியை வைத்துக்கொண்டு மதிய இடைவேளைகளில் படித்தேன். முதல் மடிப்பில் ஒரு பறவை. இரண்டு நாள் கழித்து வாசிப்பறைக்குள் ஒரு பறவை புகுந்தது. இரண்டாவதில் மாடிப்படியில் உருளும் ஒரு பாத்திரம். அதுவும் உருண்டது. எனக்குச் சிரிப்பாக இருந்தது, உனக்கு இருந்த மாதிரியே.

மூன்றாவதை ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் பிரித்தேன்.

ஒருவன் ஜன்னல் கொக்கியைச் சரிசெய்யக் கையை நீட்டுகிறான். கை நீண்டுகொண்டே போகிறது. கீழே தெருவில் ஒரு வெள்ளைச் சட்டை காய்கிறது, கொடி இல்லாமல்.

அன்று காலை நான் கிளம்பும்போது அப்பா வெள்ளைச் சட்டையில் இருந்தார். "ஜன்னல் கொக்கி கழண்டுக்கிட்டு நிக்குது, இன்னைக்கு மாட்டிடுறேன்" என்றார். முந்தின நாள் சண்டைக்குப் பிறகு என்னிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான். நான் பதில் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அது நினைவுக்கு வந்தபோது மணி இரண்டு. நூலகத்திலிருந்து வீட்டுக்கு நடந்தால் இருபது நிமிஷம். 'உஷ்'ஷிடம் என்ன காரணம் சொல்லி அனுமதி கேட்பது? கவிதை என்றா? அதோடு, வீட்டுக்குப் போனால் நான்தான் முதலில் இறங்கிவந்ததாக அப்பா நினைத்துவிடுவார் என்றும் தோன்றியது. மேஜையிலேயே உட்கார்ந்து தேதி முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். மூன்று மணி நேரம். ஐந்து மணிக்கு நம் தெருக்காரர் ஒருவர் வாசிப்பறைக்குள் வேர்வையோடு வந்து நின்றார்.

மூன்று மணி நேரம், தம்பி.

நூலகத்தில் ஒரு புத்தகத்தை ஒழிக்க அதை எரிக்க வேண்டியதில்லை. தப்பான தட்டில் வைத்தால் போதும். யாருமே கேட்காத அறிக்கைகளுக்கு நடுவில் செருகினேன். எரிக்கப் பயம். எரித்தால் மிச்ச மடிப்புகள் எல்லாம் ஒன்றாகத் திறந்துகொள்ளும் என்று தோன்றியது. நீ அதே வேலைக்கு வருவாய், வந்து இவ்வளவு ஒழுங்காகச் சரிபார்ப்பாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நான் வராததற்கு நீயும் அம்மாவும் காரணமில்லை. அந்த ஜன்னல் பக்கம் என்னால் நடக்க முடியாது. அம்மா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து தைக்கிறாள் என்று நினைத்தாலே கையில் இருக்கும் லென்ஸைக் கீழே வைத்துவிடுகிறேன்.

மூன்று மடிப்பு மிச்சம் இருக்கிறது. அப்படியே இருக்கட்டும்.

அக்கா

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் தையலைப் பிரித்துவிட்டார்கள். நொண்டாமல் நடக்கிறாள். நீ சரியாகச் சாப்பிடு. உன் கையெழுத்து மெலிந்திருக்கிறது.

உன் கடிதத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு வாரம் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். என்ன பதில் எழுதுவது? நீ வந்திருந்தாலும் அப்பா கொக்கியை மாட்டக் கையை நீட்டித்தான் இருப்பார். கொக்கி கழன்றிருந்தது, மூன்றாவது மாடி, அவ்வளவுதான். இதைப் பகலில் முழுதாக நம்புகிறேன்.

புத்தகத்தை நீ சொன்ன தட்டிலேயே வைத்தேன். ஆனால் பதிவேட்டில் பச்சை மை இருக்கிறதே. போன வாரம் 'உஷ்' என்னைக் கூப்பிட்டார். "அந்த பிரெஞ்சுப் புத்தகம் எங்க? பக்கம் ஒட்டிக்கிட்டு இருக்கிறதெல்லாம் பைண்டிங்குக்குப் போகட்டும். மூணு ஓரமும் ஒரே வெட்டு. படிக்க முடியாத புத்தகம் நூலகத்துல எதுக்கு, அழகுக்கா?"

"அது அப்படியே இருக்கட்டும் சார், பழசு" என்றேன்.

"உஷ்" என்றார்.

வெட்டுகிற இயந்திரத்தை நீயும் பார்த்திருக்கிறாய். ஒரு நெம்பு, மூன்று மடிப்பும் திறந்துவிடும். அவர் தேடி எடுக்கவைத்துப் போட்ட பைண்டிங் பெட்டியிலிருந்து புத்தகத்தை எடுத்துச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பதியாமல் நான் வெளியே எடுத்துவந்த முதல் புத்தகம். என் துணி அலமாரியில், அப்பாவின் சட்டைகளுக்கு அடியில் இருக்கிறது. அதை யாரும் தொடமாட்டார்கள்.

இனிப் பயமில்லை. நீ வரலாம். ஜன்னலுக்குக் கம்பி போட்டு ஏழு வருஷம் ஆகிறது. இதைக்கூட உன்னிடம் நான் சொன்னதில்லை.

மற்றவை நேரில். இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன்.

உன் தம்பி

ஜூன் 12

என் மகளுக்கு அம்மா எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. துணியில் கோடு போடுகிற கை, தாளிலும் அப்படித்தான் போகும்.

எப்போதும் அவன்தான் உனக்கு எழுதுகிறான். என்ன எழுதுகிறான் என்று எனக்குச் சொல்வதில்லை. ஒரு மாதமாக அவன் முகமே சரியில்லை. போன வாரம் சட்டைக்குள் எதையோ ஒளித்துக்கொண்டு வந்து துணி அலமாரிக்குள் வைத்தான். சரி, எவளோ ஒருத்தியின் படம், பையனுக்கு வயது வந்துவிட்டது என்று மனசுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டேன். அவன் வேலைக்குப் போனதும் எடுத்துப் பார்த்தால் ஒரு புத்தகம். அதில் ஒரு படம்கூட இல்லை.

கடைசிப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. முன்னால் ஒரு பக்கத்தை இந்த மடையன் விரலாலேயே கிழித்து வைத்திருக்கிறான். ஓரமெல்லாம் பிசிறு. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. தையல் பிரிக்கிற பிளேடை எடுத்து மிச்சம் மூன்றையும் நானே பிரித்துவிட்டேன். நாற்பது வருஷமாகத் தையல் பிரிக்கிற கை. ஒரு நூல்கூட வெளியே தெரியாது.

சாயங்காலம் அவனிடம், "உன் வேலைய முடிச்சு வச்சிருக்கேன் பாரு" என்று சொன்னேன். புத்தகத்தைப் பார்த்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. "எதுக்கும்மா? எதுக்கும்மா?" என்கிறான். நூலகத்தில் திட்டுவார்களோ என்னவோ.

உன்னிடம் நான் சொல்ல வேண்டியது வேறு. அப்பாவோடு போட்ட சண்டையை நினைத்துக்கொண்டு நீ வராமல் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அன்று நான் அதே அறையில்தான் இருந்தேன். "வேணாங்க, ஆள் வரட்டும்" என்று இரண்டு தடவை சொன்னேன். என் பேச்சை அவர் என்றைக்குக் கேட்டார்? கையெட்டும் தூரத்தில் இருந்த என்னாலேயே பிடிக்க முடியவில்லை. நூலகத்தில் உட்கார்ந்திருந்த உனக்கு அதில் என்ன இருக்கிறது?

அன்று காலை நீ போன பிறகு, "அவ என்கிட்ட பேசல, ஆனா போறப்ப என் செருப்ப நேரா எடுத்து வச்சிட்டுப் போறா பாரு" என்று சிரித்தார். உனக்கு அது தெரியாது. நானும் இத்தனை நாள் சொல்லவில்லை. நேரில் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

கால் ஆறிவிட்டது. உன்னை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

அம்மா

ஜூன் 19

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. நேற்றும் இன்றும் உன் பட்டறைக்குத் தொலைபேசினேன். மணி அடிக்கிறது, யாரும் எடுப்பதில்லை. நானே கிளம்பி வந்திருப்பேன். அம்மாவைத் தனியாக விட முடியாது. அதனால் கடிதம். இதைத் தந்தியில் சொல்ல முடியாது, விரைவுத் தபாலும் அங்கே போக நான்கு நாள்தானாம்.

அம்மா உனக்கு எழுதியதை இன்று காலைதான் சொன்னாள். மடிப்புகளைப் பிரித்ததையும் எழுதினாளாம்.

நான் படிக்காமல் இருக்கத்தான் நினைத்தேன். ஒரு வாரம் அட்டையைத் தொடவில்லை. நேற்று முன்தினம் அம்மா புதுச் சட்டை ஒன்றுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று ஊசியை நிறுத்திவிட்டு, "இங்க யாரோ உட்கார்ந்திருந்த மாதிரி நாற்காலி சூடா இருக்குடா" என்றாள். அதன் பிறகு என்னால் முடியவில்லை.

ஆறாவது மடிப்பில் ஜன்னலோரம் ஒரு பெண் பொத்தான் தைக்கிறாள்.

ஏழாவதில் அதே ஜன்னல். பொத்தான் இருக்கிறது. நாற்காலி இருக்கிறது.

எட்டாவதை அப்படியே எழுதுகிறேன்.

மூன்று மாடி ஏறி மகள் வருகிறாள். இடக்கையில் வெள்ளைக் கட்டு. வலக்கையில் மழை சொட்டும் குடை. கதவு தாழிடாமல் இருக்கிறது. வாசலில் நின்று ஒரு முறை அழைக்கிறாள். தையல் இயந்திரத்தின் சக்கரம் ஒரு சுற்று சுற்றி நிற்கிறது.

இதுதான் கடைசி வரி. அதற்குப் பிறகு வெற்றுத் தாள்.

முதலில் எனக்குச் சந்தோஷம் வந்தது, அக்கா. நம்புவாயா? நீ வருகிறாய் என்று எழுதியிருக்கிறதே என்று. ஏழாவதில் ஆளில்லாமல் இருக்கும் நாற்காலியைப் பற்றி அப்புறம்தான் யோசித்தேன்.

பலவிதமாக யோசித்துப் பார்த்தேன். ஒரே ஒரு வழிதான் தெரிகிறது. அந்த மகள் படி ஏறாவிட்டால் அந்தக் கவிதை நடக்க முடியாது. நீ அங்கேயே இருக்கும்வரை அம்மா இங்கே இருப்பாள். ஒன்பது வருஷமாக உன்னை வா வா என்று கூப்பிட்டவன் சொல்கிறேன், வராதே. அம்மா அழைத்தாலும் வராதே. நான் செத்தேன் என்று தந்தி வந்தாலும் வராதே.

மிஷினை என் அறைக்குள் தள்ளிவிட்டேன். அம்மா மறுபடியும் ஜன்னலோரம் இழுத்துப் போட்டுவிட்டாள். "வெளிச்சம் இல்லாம எப்படிடா தைக்கிறது?" கதவை உள்ளே தாழிட்டுத்தான் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

எழுது. எவ்வளவு வேண்டுமானாலும் எழுது. மற்றவை எல்லாம் கடிதத்திலேயே. நேரில் வேண்டாம்.

தம்பி

ஜூன் 19

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் கால் சுகமானது பற்றி மகிழ்ச்சி.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நன்றாக அழுதேன். வீட்டுக்காரம்மா கதவைத் தட்டி, "யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டார்கள். "இல்லைங்க, செருப்பு" என்றேன். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. செருப்பை நேராக வைத்தேன் என்று எனக்கே நினைவில்லை, அம்மா. கை தானாகச் செய்திருக்கிறது. அப்பா அதைப் பார்த்திருக்கிறார்.

தம்பியைக் கோபித்துக்கொள்ளாதே. அந்தப் புத்தகத்தை அவன் பிரிக்க வேண்டாம் என்று நான்தான் எழுதியிருந்தேன். நீ பிரித்தது நல்லதுதான். எதையோ மூடியே வைத்திருந்தால் அது நடக்காது என்று இத்தனை வருஷம் இருந்துவிட்டேன். வருவது வரட்டும். ஆனால் இந்தத் தடவை நான் மூன்று மணி நேரம் மேஜையில் உட்கார்ந்திருக்கப்போவதில்லை. உன் பக்கத்தில் இருப்பேன்.

ஆம், வருகிறேன். மிஷின்களைப் பழுதுபார்க்கப் பட்டறையைப் பத்து நாள் மூடியிருக்கிறார்கள். 23ஆம் தேதி காலை ஏழு மணி வண்டி. அன்றைய தபால் வருவதற்குள் நான் ஊரைத் தாண்டியிருப்பேன். மறுநாள் காலை உன் முன்னால் நிற்பேன். இந்தக் கடிதம் எனக்கு ஒரு நாள் முன்னால் வந்துவிடும். தம்பியிடம் காட்டாதே. அவன் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன். அவன் முகத்தை நான் பார்க்க வேண்டும்.

என்னைப் பார்த்ததும் நீ பதறக்கூடாது என்பதற்காக முன்கூட்டியே சொல்கிறேன். கடைசி நாள் மிஷினைக் கழற்றும்போது கண்ணாடிச் சில்லு கிழித்துவிட்டது. இடது கைதான், பெரிய காயம் இல்லை. டாக்டர்தான் முழங்கை வரைக்கும் வெள்ளைத் துணியைச் சுற்றிவிட்டார். உன் மூன்று தையலுக்கு என்னுடையது நான்கு. நான்தான் ஜெயித்தேன்.

அங்கே மழை என்று ரயில் நிலையத்தில் சொன்னார்கள். வீட்டுக்காரம்மாவிடம் குடை இரவல் வாங்கியிருக்கிறேன்.

எனக்காக நீ ஒன்றே ஒன்று செய். வழக்கம்போல ஜன்னலோரம் உட்கார்ந்து தைத்துக்கொண்டிரு. உன் மிஷின் சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டால் போதும், அந்த ஜன்னலைத் தாண்டி வந்துவிடுவேன். கதவை மட்டும் தாழிடாமல் வை. வாசலில் நின்று ஒரே ஒரு முறை 'அம்மா' என்று கூப்பிடுவேன். ஒன்பது வருஷத்துக்குப் பிறகும் என் குரல் உனக்குத் தெரிகிறதா, பார்க்கலாம்.

மற்றவை நேரில்.

உன் மகள்